விமானத்தின் விலாவில் ‘யாழ்ப்பாணம்’

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படைக்குப் போன ஒரு போர் விமானத்துக்கு ‘யாழ்ப்பாணம்’ என்று பெயர். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் லண்டன் பிரபுக்கள் அல்லர். மலாயாவில் ரயில் நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள்.

இந்தச் செய்தியை முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பெடாஸ் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களை எடுத்தார். நான் விமானப் பராமரிப்பு படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். விமானத்தின் வரலாறு எனக்கு ஓரளவு தெரியும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் அந்த வரலாற்றில் நம்மவர்கள் எங்கேயும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் எழுதிய கதை அது. நமக்கு அதில் என்ன வேலை?

இப்போது நம் பக்கத்துச் செண்டாயானிலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. சுங்கை பெசியிலிருந்து இடம் மாறி வந்துவிட்டது. என் அக்காள் மகனுக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழுத்து ஒடிகிறது. “மாமா, முதன்முதலில் சண்டைக்குப் போன விமானம் எப்படி இருக்கும்?” என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லத் தேடியதில் கிடைத்ததுதான் இது.

நன்கொடையில் பிறந்தது

மலாயாவும் மற்ற காலனிகளும் பணம் கட்டி வாங்கிக் கொடுத்தவற்றுள் முக்கியமான விமானம் பி.இ.2சி. இரண்டு அடுக்கு இறக்கை. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துத் தைத்து வார்னிஷ் போல ஒரு பூச்சுப் பூசிய லினன் துணி, இறக்கைகளை விறைப்பாகப் பிடித்திருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். இரண்டு பேர் உட்காரலாம். இன்றைய கண்ணுக்கு அது ஒரு பெரிய காற்றாடி.

அது பிறந்த கதையே ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்ற ஊரில் ராணுவத்துக்குச் சொந்தமான விமானத் தொழிற்சாலை இருந்தது. 1911-இல் அதற்குப் புதிய விமானம் கட்ட அனுமதி கிடையாது. உடைந்ததைப் பழுதுபார்க்கலாம், அவ்வளவுதான். தொழிற்சாலைத் தலைவர் மெர்வின் ஓ’கார்மன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் ராணுவத்துக்கு நன்கொடையாகக் கொடுத்திருந்த ஒரு வாய்சின் விமானம் பழுதுக்கு வந்தது. அதிலிருந்த 60 குதிரைசக்தி இஞ்சினையும் ரேடியேட்டரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஏட்டில் எழுதியது ‘பழுதுபார்ப்பு’. வடிவமைத்தவர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், பிற்காலத்தில் பெரிய விமானக் கம்பெனி முதலாளியானவர். 1911 டிசம்பரில் அவரே அதை ஓட்டிப் பார்த்தார். எங்கள் தொழிலில் இன்றைக்கு யாராவது இப்படிக் கணக்கு எழுதினால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

அதற்குப் பி.இ.1 என்று பெயர் வைத்தார்கள். ‘பி’ என்பது பிளேரியோ. இஞ்சினும் விசிறியும் முன்னால் இருந்து இழுக்கும் முறையைப் பிரபலப்படுத்திய பிரெஞ்சுக்காரரின் பெயர். அதற்கு முந்திய பல விமானங்களில் விசிறி பின்னால் இருந்து தள்ளும். ‘இ’ என்றால் பரிசோதனை. அடுத்து 1912 பிப்ரவரியில் பி.இ.2 பறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டி ஹாவிலண்ட் ஒரு பயணியையும் ஏற்றிக்கொண்டு 10,560 அடி உயரம் போய் பிரிட்டிஷ் சாதனை படைத்தார். நம் கிளந்தான்–பகாங் எல்லையில் நிற்கும் தகான் மலையைவிட உயரம். தலைக்கு மேல் கூரை கிடையாது, குளிருக்குத் தோல் சட்டைதான்.

கைவிட்டாலும் விழாத விமானம்

அந்தக் காலத்து விமானங்கள் குணங்கெட்ட குதிரை மாதிரி. ஓட்டுகிறவர் ஒரு கணம் அசந்தால் கவிழ்த்துவிடும். இதைச் சரிசெய்ய வந்தவர் எட்வர்ட் பஸ்க் என்ற இளைஞர். கேம்பிரிட்ஜில் படித்தவர். காற்று ஒரு பக்கம் தூக்கினால் விமானம் தானாகவே நேர்நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டார். மேல் இறக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார், இறக்கைகளை நுனியில் சற்று மேல்நோக்கி ஏந்த வைத்தார், வாலைத் திருத்தினார். இறக்கையையே முறுக்கித் திருப்பும் பழைய முறையை விட்டு, இன்றைக்கும் நாம் பயன்படுத்துகிற ஓரத் தகடுகளை வைத்தார். அதுதான் பி.இ.2சி.

1914 ஜூனில் மேஜர் பிராங்கர் என்ற ராணுவ அதிகாரி அதை ஓட்டிக்கொண்டு ஃபார்ன்பரோவிலிருந்து சுமார் 40 மைல் போனார். மேலே ஏறிய பிறகு, இறங்கப் போகும்வரை கட்டுப்பாட்டைக் கையால் தொடவே இல்லையாம். வழியில் கண்ட ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டே போனார். அவர் பெரிய ஓட்டுநரும் அல்லர். ராணுவத்துக்கு இது சொர்க்கமாகத் தெரிந்தது. அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது மேலேயிருந்து எதிரியை வேவு பார்க்கும் ஒரு கண். சண்டை பிடிக்கும் விமானம் என்ற நினைப்பே பலருக்கு இல்லை.

பஸ்க் தன் விமானத்தின் பெருமையையும் பார்க்கவில்லை, அவலத்தையும் பார்க்கவில்லை. 1914 நவம்பர் 5-ஆம் தேதி அவர் ஓட்டிச் சென்ற பி.இ.2சி வானத்திலேயே தீப்பிடித்து அவர் இறந்தார்.

அந்த அவலம் என்ன என்பதைத் தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன். தானாக நேர்நிலைக்கு வரும் விமானம், திரும்பச் சொன்னால் சீக்கிரம் திரும்பாது. அமைதியான வானில் அது வரம். துப்பாக்கியோடு ஒருவன் பின்னால் வரும்போது அதுவே சாபம். கூடவே இன்னொரு கோளாறு. வேவு பார்ப்பவர் முன்னிருக்கையில், இறக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்தார், ஓட்டுநர் பின்னிருக்கையில். முன்னால் விசிறி, பக்கத்தில் கம்பிகளும் தூண்களும், பின்னால் தன்னுடைய ஓட்டுநரின் தலை. துப்பாக்கியை எந்தப் பக்கம் நீட்டிச் சுடுவது? ஒரு தாங்கியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவதற்குள் எதிரி வேலையை முடித்திருப்பான்.

கொக்கும் பருந்தும்

போர் தொடங்கியதும் முதலில் நல்ல பெயர்தான். 1914 ஆகஸ்ட் 13-ஆம் தேதி டோவரிலிருந்து கடல் தாண்டி, போருக்காகப் பிரான்ஸ் மண்ணில் இறங்கிய முதல் பிரிட்டிஷ் விமானம் லெப்டினன்ட் ஹார்வி-கெல்லி ஓட்டிய பி.இ.2ஏ. அடுத்த ஏப்ரலில் ரோட்ஸ்-மூர்ஹவுஸ் என்பவர் பி.இ.2பி விமானத்தில் தனியாகப் போய், பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் ரயில் சந்திப்பில் 300 அடி உயரத்துக்குத் தாழ்ந்து குண்டு போட்டார். கீழேயிருந்து சுட்டதில் உடம்பெல்லாம் காயம். அப்படியே திரும்பி வந்து, நடந்ததை அறிக்கையாகச் சொல்லிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் இறந்தார். விமானப் படையினருக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அவருடையது.

1915 நடுவில் ஜெர்மானியர்கள் ஃபோக்கர் என்ற ஒற்றை இறக்கை விமானத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் விசேஷம், சுழல்கிற விசிறித் தகடுகளில் படாமல் அவற்றின் இடைவெளியில் குண்டுகளை அனுப்பும் கருவி. விமானத்தை யாரை நோக்கித் திருப்புகிறானோ அவரைச் சுடலாம். அந்த ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பிற்காலத்தில் பெரிய பெயர் எடுத்த மாக்ஸ் இம்மெல்மான் தன் முதல் இரையாக வீழ்த்தியது ஒரு பி.இ.2சி. அப்புறம் வரிசையாக விழுந்தன. வயலில் நிற்கும் கொக்கின் மீது பருந்து பாய்வது போல.

லண்டன் பத்திரிகைகள் அவற்றை ‘ஃபோக்கருக்குத் தீனி’ என்று எழுதின. 1916 மார்ச்சில் பெம்பர்ட்டன் பில்லிங் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து, நம் விமானிகள் போரில் மடியவில்லை, கொலை செய்யப்படுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். பெரிய அமளி. விசாரணைக் குழு போட்டார்கள். ஆனால் விமானம் தொடர்ந்து கட்டப்பட்டது. ஏற்கெனவே பல கம்பெனிகளுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, வேறு நல்லது தயாராக இல்லை, தொழிலாளர்களுக்குப் பழகிய வேலை. எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 3,500 பி.இ.2 கட்டப்பட்டன. தவறு என்று தெரிந்த பிறகும் நிறுத்த முடியாமல் ஓடுகிற தொழிற்சாலையை நாமும் பார்த்ததில்லையா என்ன!

மலாயாவின் பணப்பை

இந்தச் சமயத்தில்தான் நம் நாடு கதைக்குள் வருகிறது.

போருக்கு முன்பே இங்கிருந்து பணம் போக ஆரம்பித்துவிட்டது. பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த மலாய்க் கூட்டு மாநிலங்கள் 1912-இல் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பல் வாங்கிக் கொடுப்பதாக அறிவித்தன. ‘எச்.எம்.எஸ். மலாயா’ என்ற அந்தக் கப்பலுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பவுன் செலவானது. 1916 ஜட்லண்ட் கடற்போரில் அது நேரடியாக அடி வாங்கியது. ஆக, நம் நெகிரி செம்பிலான் கஜானாவின் பங்கும் வடகடலில் மிதந்தது. அந்தக் கஜானாவை நிரப்பியது ஈயமும் ரப்பரும் அபினும்.

விமானத்துக்கு வழி செய்தது லண்டனிலிருந்த ஓவர்சீஸ் கிளப். 1915-இல் அது ஒரு விலைப்பட்டியலையே போட்டது. பி.இ.2சி ஒன்றுக்கு 1,500 பவுன். 100 குதிரைசக்தி இஞ்சினும் துப்பாக்கியும் பொருத்திய விக்கர்ஸ் விமானம் ஒன்றுக்கு 2,250 பவுன். பணம் கட்டினால் விமானத்தின் விலாவில் கொடுத்தவர் விரும்பிய பெயரை எழுதுவார்கள், புகைப்படம் எடுத்து அனுப்புவார்கள். அந்த விமானம் சுடப்பட்டு விழுந்துவிட்டால்? அதே பெயரை இன்னொரு புதிய விமானத்தில் எழுதிவிடுவார்கள். பெயர் சாகாது. உள்ளே இருந்தவர்தான் போய்ச் சேர்ந்திருப்பார்.

மலாயாவில் இந்த வேலையைக் கையில் எடுத்தவர் பேராவில் பத்து காஜாவைச் சேர்ந்த சார்லஸ் அல்மா பேக்கர். நியூசிலாந்தில் பிறந்தவர், நில அளவையாளராக வந்து தோட்டமும் ஈயச் சுரங்கமும் வைத்து வளர்ந்தவர். ஊர் ஊராகப் பணம் திரட்டினார். துரைமார்கள், சுரங்க முதலாளிகள், சீனத் தவுக்கேகள், அரசாங்க ஊழியர்கள் என்று எல்லோரிடமும் கேட்டார். போர் முடிவதற்குள் மலாயாவின் பெயரில் 50-க்கும் மேற்பட்ட விமானங்கள் போய்விட்டன. ‘மலாயா’ என்று எழுதி, வரிசை எண் போட்டு, பக்கத்தில் கொடுத்தவர் பெயர். பிறகு மனிதர் ஆஸ்திரேலியாவிலும் இதே வேலையைத் தொடங்கி அங்கும் 40-க்கு மேல் சேர்த்தார். 1920-இல் இதையெல்லாம் படங்களோடு ஒரு நூலாகவும் அச்சிட்டார். ஜொகூர் தனியாகக் கொடுத்தது. ஈயச் செல்வர் இயூ தோங் சென் 6,000 பவுன் கொடுத்து ஒரு டாங்கியே வாங்கிக் கொடுத்தார். சீனப் படகுகளுக்கு எழுதுவதுபோல் அதன் முகப்பில் இரண்டு கண்கள் எழுதியிருந்தார்கள்.

இலங்கைக்காரர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். தாங்கள் கொடுத்த விமானங்களுக்குத் தங்கள் ஊர்ப் பறவைகளின் பெயரைச் சூட்டினார்கள். ‘இலங்கையிலிருந்து ஒரு குருட்டுக் கொக்கு’ என்று ஒன்று. வயல்வரப்பில் அசையாமல் நிற்குமே, அந்தக் கொக்குதான். வேவு பார்க்கும் விமானத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

மலாயாவின் யாழ்ப்பாணத் தமிழர்கள் கொடுத்தது ‘யாழ்ப்பாணம்’. இவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்கள், குமாஸ்தாக்கள், நில அளவை அலுவலர்கள், மருத்துவமனை உதவியாளர்கள், தோட்டத்துக் கிராணிகள். சிரம்பானிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலும் அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த காலம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பி, தங்கைக்குச் சீதனம் சேர்த்து, அதற்கும் மேலே இதற்குப் பணம் போட்டிருக்கிறார்கள். ஏன் கொடுத்தார்கள்? விசுவாசம் என்று அக்காலத்துப் பேச்சு சொல்லும். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. வெள்ளைக்காரத் துரை பெயரும் சீனத் தவுக்கே பெயரும் எழுதுகிற இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரும் இருக்கட்டும் என்ற ரோஷம் அதில் கொஞ்சமாவது இருந்திருக்கும். சங்கத்துக்குக் கட்டடம் கட்டும்போதும் கோயிலுக்குத் தேர் செய்யும்போதும் இன்றைக்கும் நம்மிடம் பார்க்கிற ரோஷம்தான் அது.

ஒரு விமானம், எழுபது ஆண்டு

சரி, லயத்தில் இருந்தவர்கள்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலையான மதிப்பு. அப்படியானால் 1,500 பவுன் என்பது 12,857 வெள்ளி. தோட்டக் கூலிக்கு வருவோம். 1920-களின் கடைசியில் முக்கியப் பகுதிகளில் நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போர்க் காலத்தில் அதைவிடக் குறைவு. அந்த 50 காசையே வைத்துக்கொண்டாலும் ஒரு பி.இ.2சி விலைக்கு 25,714 நாள் பால் வெட்ட வேண்டும். தீபாவளி, பொங்கல், காய்ச்சல், மழை எதற்கும் நிற்காமல் எழுபது ஆண்டு. ஒரு மனிதனின் ஆயுளே அந்தத் துணி இறக்கைக்குள் அடங்கிவிடும்.

விலாவில் எந்தத் தோட்டக் கூலியின் பெயரும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் தொழில்காரன் கண்ணுக்கு அவர்கள் அந்த விமானத்தின் அடியில் இருந்தார்கள். பி.இ.2 போன்ற விமானங்களின் சக்கர அச்சை இரும்பு ஸ்பிரிங்கால் தாங்கவில்லை. ரப்பர் இழைகளைக் கட்டாகச் சேர்த்து, மேலே நூல் உறை போட்ட கயிற்றை அச்சைச் சுற்றிப் பலமுறை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். தரையில் மோதும் அதிர்ச்சியை வாங்குவது அந்த ரப்பர்தான். டயர் ரப்பர். குழாய்கள் ரப்பர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டில் நெற்றி விளக்கோடு நிரைக்குள் போய், மங்கில் சொட்டுச் சொட்டாக இறங்கிய பாலைச் சுமந்து வந்து, ஸ்டோரில் புகை போட்ட ஷீட். உலகின் தோட்ட ரப்பரில் பெரும்பங்கு அப்போது மலாயாவிலிருந்துதான் போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பு வரும். 2,250 பவுன் விலை போட்ட அந்த விக்கர்ஸ் விமானத்தின் இஞ்சின் ஒரு விசித்திரம். விசிறியோடு சேர்ந்து இஞ்சின் முழுவதும் சுழலும். அதற்கு ஊற்றிய மசகு எண்ணெய் என்ன தெரியுமா? நம் பாட்டிமார் பிள்ளைகளைப் பிடித்து மூக்கைப் பொத்தி ஊற்றிய அதே விளக்கெண்ணெய். பெட்ரோலில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆமணக்கு விதையின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. இத்தகைய இஞ்சினை முன்னால் வைத்த விமானங்களில் அது எரிந்த எண்ணெயைப் பின்னால் பீய்ச்சும், விமானிகள் அதைச் சுவாசித்து வயிறு கலங்கி இறங்குவார்கள் என்பார்கள். எதிரியைவிட அதற்குப் பயந்தவர்கள் உண்டாம்.

குட் நகரில் விழுந்த மூட்டைகள்

பி.இ.2சி நம் பக்கத்து மனிதர்களுக்கு நேரடியாக உதவிய ஓர் இடமும் உண்டு. 1915 டிசம்பரில் இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் குட் என்ற ஊரில் ஒரு பிரிட்டிஷ்–இந்தியப் படை துருக்கியரின் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டது. பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உணவு தீர்ந்து குதிரைகளைக் கொன்று தின்னும் நிலை. 1916 ஏப்ரலில் பி.இ.2சி உட்பட அங்கிருந்த சில விமானங்களில் மாவு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு போய்ப் போட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 8 டன். வானத்திலிருந்து ஒரு படைக்குச் சோறு போட முயன்றது உலகில் அதுதான் முதல் தடவை. விமானம் ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குச் சுமார் நூறு கிலோதான் தூக்கும். சில மூட்டைகள் ஆற்றிலும் சில எதிரியின் பக்கமும் விழுந்தன. போதவில்லை. ஏப்ரல் 29-ஆம் தேதி படை சரணடைந்தது. சிறைப்பட்ட சுமார் 13,000 பேரில் பல்லாயிரவர் திரும்பவில்லை.

பகலில் தீனியாகிப்போன விமானம் இரவில் மட்டும் வேறு அவதாரம் எடுத்தது. ஜெர்மானியர்கள் சுருட்டு வடிவிலான பெரிய வான்கப்பல்களில் இரவில் வந்து லண்டன் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். 1916 செப்டம்பர் 3-ஆம் தேதி அதிகாலை, 21 வயது வில்லியம் லீஃப் ராபின்சன் ஒரு பி.இ.2சி-யில் தனியாக ஏறிப் போய் அவற்றில் ஒன்றைக் கொளுத்தி வீழ்த்தினார். பிரிட்டன் மண்மேல் விழுந்த முதல் வான்கப்பல் அது. உள்ளே இருந்த 16 பேரும் இறந்தார்கள், லண்டன் மக்கள் தெருவில் நின்று ஆரவாரம் செய்தார்கள். குலுங்காமல் ஒரே சீராகப் பறக்கும் குணம் இரவில் கைகொடுத்தது. கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, நின்ற வாக்கில் துப்பாக்கியின் தோட்டா வட்டை மாற்றலாம். பஸ்க் போட்ட கணக்கு வீண்போகவில்லை.

இந்த ராபின்சன் பிறந்தது எங்கே என்று பார்த்தால், தென்னிந்தியாவில், குடகில், ஒரு காப்பித் தோட்டத்தில்! படிப்பின் ஒரு பகுதி பெங்களூரில். விக்டோரியா கிராஸ் வாங்கியவர் மறுவருடம் பிரான்சில் சிறைப்பட்டு, போர் முடிந்து வீடு திரும்பி, 1918-இன் கடைசி நாளில் அந்த ஆண்டின் விஷக்காய்ச்சலில் செத்துப்போனார்.

பிரான்சில் நிலைமை மாறவே இல்லை. 1917 ஏப்ரலை அங்கே ‘இரத்த ஏப்ரல்’ என்கிறார்கள். ஒரே மாதத்தில் பிரிட்டன் 245 விமானங்களை இழந்தது. கட்டி ஐந்தாண்டு பழசான வடிவத்தின் வாரிசுகளை அப்போதும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விமானத்தில் வந்த ரிக்தோஃபன் அந்த மாதம் மட்டும் 21 விமானங்களை வீழ்த்தினான். அவற்றில் பி.இ.2-களும் இருந்தன.

கால் நூற்றாண்டு கழித்து அதே கதை நம் வீட்டு வாசலிலேயே நடந்தது. 1942 ஜனவரி 26-ஆம் தேதி, ஜப்பானியர் எண்டாவில் இறங்கியபோது பிரிட்டிஷார் அனுப்பியது வில்டபீஸ்ட் என்ற இரண்டு அடுக்கு இறக்கை விமானங்களை. காலம் கடந்த வடிவம், மந்தமான வேகம், பட்டப்பகல். கிட்டத்தட்ட பாதி திரும்பவில்லை. அதற்குள் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து துரைமார்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். தங்கிய நம்மவர்களில் பலரைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனது அடுத்த அத்தியாயம்.

எங்கே பார்க்கலாம்?

போர் முடிந்ததும் மிஞ்சிய பி.இ.2-கள் மலிவாக விலைபோயின. அவற்றில் ஒன்றை, பி.இ.2இ வகை, ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் தொடங்கிய ஒரு சின்னக் கம்பெனி 1921-இல் ஓட்டியது. அந்தக் கம்பெனிதான் குவாண்டாஸ்.

அசல் விமானங்கள் சில இன்னும் இருக்கின்றன. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திடம் ஒன்று. கனடாவின் ஒட்டாவா அருங்காட்சியகத்தில் ஒன்று, அது 1916 செப்டம்பரில் ஒரு வான்கப்பலை வீழ்த்திய அதே விமானம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பள்ளி விடுமுறையில் பத்து காஜாவுக்குப் போகலாம். அல்மா பேக்கரிடம் வேலைக்குச் சேர்ந்து பிறகு தனியாகச் செல்வம் சேர்த்த வில்லியம் கெல்லி ஸ்மித்தின் பாதி கட்டிய மாளிகை அங்கே நிற்கிறது. அதைக் கட்ட மதராசிலிருந்து வந்த நம் ஆட்களிடையே அதே விஷக்காய்ச்சல் பரவிப் பலர் இறந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டபடி துரை பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் எழுப்ப உதவினார். மாளிகையைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கோயிலுக்கும் போங்கள். கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பியும் வெள்ளைச் சட்டையும் போட்டு ஒருவர் நிற்பார். எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.